நெடுங்கால வட்டியும் நடுவண் வங்கியும்

தமிழ்த்துறை மலரில் வட்டியைக் குறித்து ஒரு கட்டுரையா எனப் புருவம் உயர்த்துவோர் இருப்பர். மார்க்கம் விலக்கிய ஒன்றை நம் கல்லூரி மலரில் பேசுவானேன் என வினவும் பெரியோரும் இருத்தல் கூடும். இவ்விரு வினாவுக்கும் விடை ஒன்றே. வட்டியை விலக்கி வாழ்வோரையும் வட்டி விகிதம் விட்டுவைப்பதில்லை. அவர் வாங்கக் கருதும் மனையின் விலையிலும், அவர் பணிபுரியும் நூற்பாலையின் நிலையிலும், அவர் அரசுக்குச் செலுத்தும் வரியிலும் அது மறைந்து நிற்கின்றது. நடுவண் அரசு திரட்டும் வருவாயில் பெரும்பங்கு பழைய கடன்களுக்கு வட்டியாகவே சென்றுவிடுகின்றது. ஒன்றன் இயல்பை அறிவது அதனை ஏற்பதாகாது.

ஏறத்தாழ இரண்டு திங்களுக்கு ஒருமுறை மும்பையில் ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு கூடுகின்றது. 'ரெப்போ வட்டி குறைந்தது' என நாளேடுகள் கொட்டை எழுத்தில் அச்சிடுகின்றன. அன்று மாலை நம் மணிக்கூண்டு அருகே நிற்போர், "இனி வட்டியெல்லாம் இறங்கிவிடும்" என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம். எல்லா வட்டியும் இறங்குமா? பத்தாண்டு, இருபதாண்டு, முப்பதாண்டு என நீளும் கடன்களின் வட்டி ரிசர்வ் வங்கியின் ஆணைக்குக் கட்டுப்பட்டதுதானா? இதுவே நாம் ஆராயப் புகும் பொருள்.

பொலிசை

தமிழாசிரியர் என்னும் முறையில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். சங்க நூல்களில் வட்டி என்பது கூடை. கடன்மீது வரும் வருவாயைக் குறிக்கக் கல்வெட்டுகளில் பயின்று வரும் சொற்கள் பலிசை, பொலிசை, பொலியூட்டு என்பன. பொலிதல் என்றால் பெருகுதல். களத்து மேட்டில் நெல் தூற்றும் உழவர் வாயில் இன்றும் வழங்கும் 'பொலி'யும் இதன் உறவே.

தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டுகளில் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த கொடைகள் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கொடையாக வந்த காசு ஊர்ச் சபைகளிடம் முதலாக ஒப்படைக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசை. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. அது எத்தனை ஆண்டுக்கு? 'சந்திராதித்தவல்', அதாவது திங்களும் ஞாயிறும் உள்ள அளவும். இதனினும் நீண்ட தவணையை எந்த நாட்டுக் கடன் பத்திரத்திலும் காண முடியாது.

அரசன் நெடுங்கால வட்டியை ஆண்டான் என்பதற்கு இது சான்றாகுமா? ஆகாது என்பதே நம் கருத்து. அவன் விகிதம் குறித்தது தன் கொடைப் பணத்துக்கு. ஒரு வணிகர் மற்றொரு வணிகருக்குக் கொடுத்த கடனுக்கு அது சட்டமன்று. தன் பணத்துக்கு விலை கூறுவது வேறு. ஊரார் பணத்துக்கு விலை கூறுவது வேறு. இன்றைய நடுவண் வங்கியின் வலிமையும் வரம்பும் இவ்வேறுபாட்டில்தான் உள்ளன.

ஓர் இரவின் வட்டி

ரெப்போ என்பது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் மிகக் குறுகிய காலத்துக்கு, பெரும்பாலும் ஓர் இரவுக்கு, வாங்கும் கடனுக்கான வட்டி. மாலையில் கணக்கு முடிக்கும்போது ஒரு வங்கிக்குப் பணம் பற்றாக்குறை எனில், தன் கையிலுள்ள அரசுக் கடன் பத்திரங்களை ஈடு வைத்து அது ரிசர்வ் வங்கியிடம் பணம் பெறுகின்றது. ரூபாயைப் படைக்கும் உரிமை இந்நாட்டில் ரிசர்வ் வங்கி ஒன்றுக்கே உரியது. ஆகவே ஓர் இரவுக் கடனுக்கு அது கூறும் விலையை எதிர்த்து எவரும் வெல்ல முடியாது. இந்த வட்டி முழுமையாக அதன் கைக்குள் இருக்கின்றது.

நெடுங்கால வட்டியோ கடைமடை நீர் போன்றது. நம் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தின் மதகைத் திறப்பவர், மதகு வாயிலில் எவ்வளவு நீர் பாய வேண்டும் என்பதைத் துல்லியமாக முடிவு செய்யலாம். அந்நீர் குடகனாற்றில் இறங்கி வேடசந்தூர்ப் பக்கம் அழகாபுரி அணை வரை எவ்வளவு சென்று சேரும் என்பது அவர் கையில் இல்லை. இடையில் மணல் குடிக்கும்; கிணறுகள் இழுக்கும்; வாய்க்கால்கள் பிரியும்; மழை பெய்தால் திறக்காமலே நீர் வரும். நம் சமவெளி உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கடைமடையில் வட்டியை முடிவு செய்பவை எவை? முதலாவது எதிர்பார்ப்பு. ஓராண்டுக் கடனுக்கு இன்று வட்டி 5 எனக் கொள்வோம். அடுத்த ஆண்டு அது 7 ஆகும் என யாவரும் கருதுகின்றனர். அந்நிலையில் இரண்டாண்டுக்குச் சேர்த்துக் கடன் கொடுப்பவர் ஏறத்தாழ 6 கேட்பார்; குறைத்துக் கேட்டால் அவருக்கு இழப்பு. பத்தாண்டு வட்டி என்பது, வரப்போகும் பத்தாண்டுகளில் ஓர் இரவு வட்டி எவ்வாறெல்லாம் ஏறி இறங்கும் என மக்கள் நினைக்கின்றனரோ அதன் சராசரி.

இரண்டாவது, அச்சத்துக்கான கூலி. பத்தாண்டு கழித்துத் திரும்பி வரும் ரூபாய் எதை வாங்கும் என்பதை எவர் அறிவார்? பத்தாண்டுக்கு முன் நம் ஊரில் ஒரு தட்டுப் பிரியாணி என்ன விலைக்கு விற்றது என்று வாசகர் ஒருகணம் நினைத்துப் பார்த்தால், கடன் கொடுப்பவரின் கவலை விளங்கும். விலைவாசி ஏறும் என்னும் ஐயம் மிகுமாயின் இக்கூலியும் மிகும். அரசு மேலும் மேலும் கடன் வாங்கப் போகின்றது என்னும் செய்தியும் அவ்வாறே செய்யும்.

பத்திரத்தின் கணக்கையும் இங்கே கூறிவிடுவோம். ஆண்டுக்கு 7 ரூபாய் தரும் 100 ரூபாய்ப் பத்தாண்டுப் பத்திரம் ஒன்று உள்ளது. சந்தையில் கொடுப்போர் 8 விழுக்காடு கேட்கத் தொடங்கினால், அப்பத்திரத்தை 100 ரூபாய்க்கு எவரும் வாங்கார். அதன் விலை 93 ரூபாய் அளவுக்கு இறங்கும். விலை இறங்கினால் ஈட்டு விகிதம் ஏறும். விலை ஏறினால் ஈட்டு விகிதம் இறங்கும். நாளேட்டின் வணிகப் பக்கத்தில் மாணவரைக் குழப்பும் செய்தி பெரும்பாலும் இதுதான். 'பத்திரச் சந்தை வீழ்ந்தது' என்றால் 'நெடுங்கால வட்டி உயர்ந்தது' என்றே பொருள்.

மதகு திறந்தும் நீர் வாராத ஆண்டுகள்

இதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. 2008 அக்டோபரில் உலகப் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது, ரிசர்வ் வங்கி 9 விழுக்காடாக இருந்த ரெப்போவை விரைந்து குறைத்தது. 2009 ஏப்ரலில் அது 4.75 ஆயிற்று. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டு விகிதமும் முதலில் உடன் இறங்கி, 2008 டிசம்பர் இறுதியில் 5.25 அளவில் நின்றது. பிறகு நிகழ்ந்ததே நோக்கற்பாலது. ரெப்போ மேலும் குறைந்துகொண்டிருந்த அதே வேளையில், நெடுங்கால வட்டி திரும்பி ஏறி 2009 மார்ச்சில் 7 விழுக்காட்டைத் தொட்டது. உழவர் கடன் தள்ளுபடி, ஆறாம் ஊதியக் குழு, வரிக் குறைப்பு ஆகியவற்றால் அரசு வாங்க வேண்டிய கடன் பெருகியதே காரணம். இவை வேண்டாதவை என நாம் கூறவில்லை; ஊதியம் உயர்ந்தபோது மகிழ்ந்தவர் பலர். ஆயினும் அதற்குரிய விலையைப் பத்திரச் சந்தை உடனே எழுதிவிட்டது.

2025-இலும் இது ஓரளவு திரும்ப நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி, சந்தை எதிர்பார்த்ததினும் மிகுதியாக, ஒரே முறையில் அரை விழுக்காடு குறைத்து ரெப்போவை 5.5 ஆக்கியது. வங்கிகள் வைத்திருக்க வேண்டிய ரொக்க இருப்பையும் ஒரு விழுக்காடு தளர்த்தியது. நெடுங்கால வட்டி இறங்கியிருக்க வேண்டுமன்றோ? இறங்கவில்லை. குறைப்புடன், தன் நிலைப்பாடு இனி நடுநிலையானது எனவும் அவ்வங்கி அறிவித்தது. 'இனிக் குறைப்பதற்கு அதிகமில்லை' எனச் சந்தை அதனைப் படித்தது. பத்தாண்டு ஈட்டு விகிதம் ஏறத் தொடங்கி ஆகஸ்ட் இறுதிக்குள் 6.5-ஐத் தாண்டியது. எண்ணைவிடச் சொல்லுக்கு வலிமை மிகுதியாக இருந்தது. மொழி பயிற்றுவிக்கும் நாம் இதில் சற்றே பெருமை கொள்ளலாம்.

எதிர்த்திசையிலும் இதுபோல் நிகழ்வதுண்டு. அமெரிக்க நடுவண் வங்கி 2004 ஜூன் முதல் 2005 பிப்ரவரிக்குள் தன் குறுகிய கால வட்டியை 1-இலிருந்து 2.5 ஆக உயர்த்தியது. அந்நாட்டுப் பத்தாண்டு வட்டி உயராமல் தாழ்ந்தது. அவ்வங்கியின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் இதனை ஒரு புதிர் என்றே நாடாளுமன்றக் குழுவின் முன் குறிப்பிட்டார்.

பிடித்து நிறுத்த முடியுமா?

அங்ஙனமாயின் நடுவண் வங்கி கையற்றதா? அவ்வாறும் கூறிவிட இயலாது. அது மனம் வைத்தால் நெடுங்கால வட்டியைப் பிடித்து நிறுத்தலாம். வழி எளிது. 'இந்தப் பத்திரத்தை இந்த விலைக்கு, எவர் எவ்வளவு கொண்டுவந்தாலும், யானே வாங்குவேன்' என்று அறிவித்தால் போதும். பணத்தைப் படைப்பவர் அதுவாதலின், வாங்கும் ஆற்றலுக்கு எல்லை இல்லை.

அமெரிக்கா 1942-இல் போர்ச் செலவுக்காக இதைச் செய்தது. நெடுங்காலப் பத்திர வட்டி இரண்டரை விழுக்காட்டைத் தாண்டாமல் அதன் நடுவண் வங்கி ஒன்பது ஆண்டுகள் காத்தது. கொரியப் போரை ஒட்டி விலைவாசி எழுந்தபோது நிலைமை மாறிற்று. வட்டியைக் காக்க மேலும் மேலும் பத்திரம் வாங்கினால் பணம் பெருகி விலைவாசி மேலும் ஏறும். விலைவாசியை அடக்க முனைந்தால் வட்டியைக் கைவிட வேண்டும். 1951 மார்ச்சில் கருவூலத்துடன் உடன்பாடு செய்துகொண்டு அவ்வங்கி தன்னை விடுவித்துக்கொண்டது. ஜப்பான் 2016 செப்டம்பரில் பத்தாண்டு வட்டியைச் சுழி அளவில் நிறுத்தத் தொடங்கி 2024 மார்ச் வரை அக்கொள்கையில் நீடித்தது. அதற்குள் அந்நாட்டு அரசுப் பத்திரங்களில் ஏறத்தாழப் பாதி அந்நாட்டு நடுவண் வங்கியின் பெட்டகத்துக்குள் சென்றுவிட்டது. யென் நாணயத்தின் மதிப்பும் மிகவும் சரிந்தது.

நம் ரிசர்வ் வங்கி இவ்வளவு தூரம் செல்லவில்லை. 2019-இல் ரெப்போவை 6.5-இலிருந்து 5.15 வரை இறக்கியும் நெடுங்கால வட்டி போதிய அளவு இறங்காமையால், அவ்வாண்டு டிசம்பரில் 10,000 கோடி ரூபாய்க்கு நெடுங்காலப் பத்திரங்களை வாங்கவும் அதே அளவுக்குக் குறுகிய காலப் பத்திரங்களை விற்கவும் முன்வந்தது. அறிவிப்பு வந்த உடனேயே ஈட்டு விகிதம் சற்று இறங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரண்டு தவணைகளில் மொத்தம் 2.2 இலட்சம் கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கத் திட்டம் வகுத்தது. பத்தாண்டு வட்டி 6 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஆனால் 2022 ஏப்ரலில் சில்லறை விலைப் பணவீக்கம் 7.79 விழுக்காட்டை எட்டியபோது அக்காவல் நிற்கவில்லை. ஜூனில் பத்தாண்டு வட்டி 7.5-ஐக் கடந்தது. பணவீக்கம் அமைதியாக இருக்கும் வரை நெடுங்கால வட்டியைப் பிடிக்கலாம். அது எழுந்துவிட்டால் இரண்டில் ஒன்றை விட்டே ஆக வேண்டும்.

ஆணையால் ஆண்ட காலம்

வாங்கி நிறுத்துவதன்றி வேறொரு வழியும் உண்டு. அதை நம் நாடு பல்லாண்டுகள் கையாண்டது. வட்டியைச் சந்தையிடம் விடாமல் ஆணையிட்டே குறிப்பது அவ்வழி. 1990-91 அளவில் வங்கிகள் தம்மிடமுள்ள வைப்புத் தொகையில் 38.5 விழுக்காட்டைப் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களிலும், 15 விழுக்காட்டை ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாகவும் வைக்க வேண்டியிருந்தது. புதிதாக வரும் வைப்புக்கு மேலும் 10 விழுக்காடு ரொக்கம். ஒருவர் புதிதாக 100 ரூபாய் போட்டால் 63.50 ரூபாய் இவ்வகையில் போய்விடும். கட்டாயமாக வாங்குவோர் இத்தனை பேர் இருக்கையில் அரசு தன் கடனுக்குத் தானே வட்டி குறித்துக்கொண்டது. அரசு ரிசர்வ் வங்கியிடம் அவ்வப்போது வாங்கிய குறுங்கடனுக்கோ 1974 முதல் 4.6 விழுக்காடு என்னும் மாறா விகிதம். விலைவாசி எவ்வாறு ஏறினும் அது அசையவில்லை.

நெடுங்கால வட்டியை ஆள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. ஆனால் விலை கொடுத்தவர் யார்? வங்கியில் வைப்பு வைத்த எளியவர் ஒருவர். வங்கியில் எஞ்சிய 36.50 ரூபாய்க்காக வரிசையில் நின்ற தொழில்முனைவோர் மற்றொருவர். 1991 அக்டோபரில் பெருங்கடன்களுக்கு வங்கிகள் கேட்க வேண்டிய வட்டியின் கீழெல்லையே 20 விழுக்காடு. அந்நாளில் நம் மாவட்டத்தில் நூற்பாலைக்கு இயந்திரம் வாங்கவோ பூட்டுப் பட்டறையை விரிவாக்கவோ எண்ணியவர் எவ்வளவு தயங்கியிருப்பார் என்பதை ஊகிக்கலாம். அரசுக்கு மலிவு, பிறர்க்கு எட்டாக் கனி.

1992-இல் அரசுப் பத்திரங்கள் ஏலத்துக்கு வந்தன. தமிழகத்தைச் சேர்ந்த சி. ரங்கராஜன் ஆளுநராக இருந்தபோது, 1994 செப்டம்பரில், அந்தக் குறுங்கடன் வழியைப் படிப்படியாக அடைக்க அரசும் ரிசர்வ் வங்கியும் உடன்பட்டன. 1997-இல் அது முற்றும் நின்றது. மூடியைத் திறந்தவுடன் கொதி தெரிந்தது. 1990-களின் நடுவில் அரசே பத்தாண்டுக் கடனுக்கு 14 விழுக்காடு அளவுக்கு வட்டி தர நேர்ந்தது. பின்னர்ப் பணவீக்கம் தணியவே 2003-இல் அது 5 விழுக்காட்டை நெருங்கியது. இத்தாழ்வை ஆணையின்றி நம்பிக்கையே எட்டியது என நாம் கருதுகின்றோம்.

நம் ஊர்க் கணக்குகள்

இனி மணிக்கூண்டுப் பேச்சுக்கு வருவோம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாக வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் பிணைக்கப்பட்டுள்ளன. பெயரளவில் இது இருபதாண்டுக் கடன். இயல்பளவில் அது குறுகிய கால வட்டிகளின் கோவை. ஆகவே இவர்க்கு ரெப்போ குறைந்தால் உண்மையிலேயே பயனுண்டு. 20 இலட்சம் ரூபாயை இருபதாண்டுக்கு 9 விழுக்காட்டில் பெற்றவர் திங்கள்தோறும் 17,995 ரூபாய் செலுத்துவார். 8 விழுக்காடாயின் 16,729 ரூபாய். ஆனால் வட்டி ஏறும் இடரும் முழுவதும் அவர் தலைமேல்தான். வங்கியல்லாத வீட்டுவசதி நிறுவனங்களில் கடன் பெற்றவர்க்கு அவ்விதி பொருந்தாது. அவர் தம் ஒப்பந்தத்தைப் படித்தறிதல் வேண்டும்.

நெடுங்கால வட்டி ஒளிந்திருக்கும் மற்றோரிடம் ஒத்தி. மொத்தத் தொகை ஒன்றைக் கொடுத்து வீட்டில் குடியேறுவர்; பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை; காலம் முடிந்ததும் தொகை திரும்பும். இதன் மார்க்க முடிவை ஆலிம்களிடம் கேட்டறிக. கணக்கை மட்டும் நாம் கூறுவோம். திங்கள் வாடகை 5,000 ரூபாய் பெறும் வீட்டுக்கு ஆண்டு வாடகை 60,000. பணம் 12 விழுக்காடு ஈட்டும் காலத்தில் 5 இலட்சத்துக்கு ஒத்தி ஈடாகும். 6 விழுக்காடு ஈட்டும் காலத்தில் 10 இலட்சம் கேட்பர். வட்டி என்ற சொல்லே எழாத ஒப்பந்தத்துக்குள்ளும் வட்டி விகிதம் புகுந்து தொகையை இரட்டிக்கின்றது.

சந்தையில் காலை 900 ரூபாய் தந்து மாலை 1,000 ரூபாய் பெறுவோரின் கணக்கோ மும்பையைக் கேட்பதில்லை. அதற்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மிகைவட்டித் தடைச் சட்டமும் காவல் நிலையமுமே துணை.

ஓய்வு பெற்ற பெரியோர் அஞ்சலகத்தில் வைத்திருக்கும் தொகைக்கு வட்டி குறிப்பது ரிசர்வ் வங்கி அன்று, நடுவண் அரசு. அரசுப் பத்திரங்களின் ஈட்டு விகிதத்தை ஒட்டி மூன்று திங்களுக்கு ஒருமுறை அது திருத்தப்பட வேண்டும் என்பது நெறி. நடைமுறையில் அந்நெறியைப் பலகாலும் ஒதுக்கி வைக்கின்றனர். பொது வருங்கால வைப்பு நிதிக்கு 1986 முதல் 2000 ஜனவரி வரை 12 விழுக்காடு வழங்கப்பட்டது. 2020 ஏப்ரலில் அது 7.1 ஆயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் ரெப்போ 4 விழுக்காட்டுக்கு இறங்கி, 2023 பிப்ரவரியில் 6.5-க்கு ஏறிய காலம் முழுவதும் அந்த 7.1 இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.